ஏழாவது குஞ்சு

நான் படம் வரைந்த சிறுவர் புத்தகத்தின் புரூஃப் தாளின் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) ஓரத்தில், 11-ஆம் பக்கத்துக்கு நேராக, பென்சிலில் ஒரே ஒரு வரி: "இங்கே ஆறுதானே இருக்கின்றன?" பதிப்பகத்தின் ஆசிரியர் அம்மா திருத்தங்களைச் சிவப்பு மையால் எழுதுவார், சந்தேகங்களுக்கு மட்டும்தான் பென்சில். நான் உடனே தொலைபேசியில் அழைத்து, "குழந்தைகள் அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள், அம்மா" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, வரைந்தவர் நீங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கதை, பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மழைக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுமியைப் பற்றியது. கோழியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. வரிகள் சொன்னதையே படமும் திருப்பிச் சொன்னால் அது வெறும் அலங்காரம் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். புதிதாகக் கற்றதை உடனே காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பில், முற்றத்தில் ஒரு தாய்க்கோழியையும் ஏழு குஞ்சுகளையும் மேயவிட்டேன். டம்மியை, அதாவது புத்தகத்தின் மாதிரிப் பிரதியை, புரட்டிய ஆசிரியர் அம்மா, "இரண்டாவதாக ஒரு கதையைத் தொடங்கியிருக்கிறீர்கள், அதையும் முடித்துவிடுங்கள்" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

குஞ்சு காணாமல் போனதற்குக் காரணம் தமிழின் நீளம். ஒரே ஓவியத்தின் மேல் நான்கு மொழிகளில் புத்தகம் வருவதாக இருந்தது. வண்ண அச்சில் நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட்டுகள், அதாவது அச்சுத் தகடுகள், உண்டு. இப்படி அச்சிடும்போது எழுத்து முழுவதையும் கறுப்பு பிளேட்டில் மட்டுமே வைப்பார்கள். மொழி மாறும்போது அந்த ஒரு பிளேட்டை மாற்றினால் போதும், மற்ற மூன்று வண்ணங்களும் அப்படியே இருக்கும். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களை இரண்டு மொழிகளில் பார்த்தவர்களுக்கு, படம் அசையாமல் நிற்க எழுத்து மட்டும் மாறுவது பழகிய காட்சிதான். நான் ஆங்கில வரிகளை அளவாக வைத்துக்கொண்டு இடம் விட்டிருந்தேன். தமிழ் இரண்டு வரிகள் கூடுதலாக இறங்கி, நேராக ஏழாவது குஞ்சின் தலைமேல் வந்து நின்றது. அழித்தேன். ஓவியம் பொது என்பதால் நான்கு மொழிகளிலும் ஆறு குஞ்சுகளாயின.

கோப்பு மறுநாள் காலை சிவகாசிக்குப் போயாக வேண்டும், சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பிரதிகள் வந்து சேர வேண்டும் என்று இதை எத்தனையோ பேரிடம் நியாயப்படுத்தியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் குஞ்சை அழிக்காமல், கோழியின் வால்பக்கமாக நகர்த்தி, நீர்வண்ணத்தின் ஈரத்தடம் வெட்டுப்பட்டது தெரியாதபடி நிழலைச் சரிசெய்ய இருபது நிமிடங்கள் போதும் என்பதும் எனக்கு அன்றே தெரியும். 24 பக்கங்களை மூன்று மாதமாக வரைந்த பிறகு அந்த இருபது நிமிடம்தான் மலையாகத் தெரிந்தது.

புத்தகம் வந்த பிறகு ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். 11-ஆம் பக்கத்தில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து, படத்தில் விரலை வைத்து வைத்து எண்ணினாள். "சார், ஒரு குஞ்சக் காணோம்." மழை வரப்போகிறதே, கூடைக்குள் போயிருக்கும் என்றேன். "அப்ப அம்மாக்கோழி ஏன் போகல?" என்று கேட்டவள், என் பதிலுக்குக் காத்திராமல் தாளைப் பின்பக்கமாகத் திருப்பினாள். 9-ஆம் பக்கத்தில், சுற்றுச்சுவரின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருக்கிறது. படத்தின் வலப்பக்கம் கனமில்லாமல் இருக்கிறதே என்று எடைக்காக வைத்த பூனை. கதையில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். மீதிப் பக்கங்களை மற்றவர்களுக்குத்தான் வாசித்தேன்.

பக்கம் திருப்புவதற்கு இடையில் நடப்பதைக் குழந்தை தானே நிரப்பிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் படித்த முறையில் ஒரு பிழையும் இல்லை. அப்படிப் பார்த்தால் நான் அறியாமலேயே நல்ல படப் புத்தகம் ஒன்றைச் செய்துவிட்டேன் என்றுகூடச் சில நாட்கள் தோன்றும். மறுநாளே அது வெறும் சமாதானமாகப்பட்டுவிடும். அந்தக் கொலை நான் வரைந்ததல்ல, என் அலட்சியம் வரைந்தது.

ஆசிரியர் அம்மாவின் "சரி"யைத்தான் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் வற்புறுத்தியிருந்தால் செய்திருப்பேன். அந்த வகையில் எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல்கூட உண்டு. நம்பி விட்டாரா, சலித்துப்போய் விட்டாரா, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டாரா? கேட்கவில்லை. கேட்டால், அப்படி ஒரு அழைப்பே நினைவில்லை என்று அவர் சொல்லிவிடக்கூடும்.

இப்போது மறுபதிப்பு வருகிறது. அழித்த குஞ்சு கோப்பில் ஒரு மறைத்த லேயராக இன்னும் இருக்கிறது. அதைத் திரும்ப வைக்கலாமா என்று எழுதிக் கேட்டேன். தாராளமாக வையுங்கள் என்று பதில் வந்தது. அதன் கீழே இன்னொரு வரி: "பூனையை என்ன செய்யப் போகிறீர்கள்?"