குறட்டை உண்டா என்று கேட்டார்கள்

மூன்று வருடத்துக்கு முன்னால் முதன்முதலில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்ட இடத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மயக்க ஊசி போட்டார்கள், முடிந்தது. அரை மணி நேரத்தில் தனியாக பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எந்த வழியாக வீடு வந்தேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை. போன மாதம் மறுபடியும் செய்யச் சொன்னபோது அந்தப் பயம்தான் முதலில் வந்தது.

இந்த முறை வேறு மருத்துவமனை. முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்கள். 6 மணி நேரம் வெறும் வயிறு. பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்தாம்.

காலையில் மயக்க டாக்டர் வந்து உட்கார்ந்து கேட்டார். அலர்ஜி, ஆஸ்துமா, ஆடுகிற பல், சாப்பிடும் மாத்திரைகள். அப்புறம், "குறட்டை உண்டா?"

"கொஞ்சம்" என்றேன்.

மனைவி விடவில்லை. "கொஞ்சமெல்லாம் இல்ல சார். நடுராத்திரியில மூச்சு நின்னுடும், திடீர்னு இழுத்து வாங்குவார். நான்தான் தட்டி எழுப்புவேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு அடைபடுகிறவர்களுக்கு மயக்க மருந்தில் அது இன்னும் தளரும், அதனால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவேன் என்றார். பழைய பைக் கதையையும் சொன்னேன். மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் அப்படித்தான் நினைவை அழித்துவிடும், உங்களைத் தனியாக அனுப்பியதே தப்பு என்றார்.

உள்ளே இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் கிளிப், மூக்கில் ஆக்சிஜன். அதோடு, வெளிவிடும் கரியமில வாயுவை அளக்க ஒரு மெல்லிய குழாய். மூச்சு நின்றால் விரல் கிளிப்பைவிட இது சீக்கிரம் காட்டிக்கொடுக்குமாம். தொண்டையில் கசப்பு ஸ்பிரே, பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம். எண்டோஸ்கோபி குழாயை விடுகிற டாக்டர் ஒருவர், என் மூச்சை மட்டும் கவனிக்க இன்னொருவர். அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியமே வந்தது. பால் மாதிரி வெள்ளையாக புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறியது, கை நரம்பு சுரீரென்று எரிந்தது. அதோடு சரி.

விழித்த பிறகு டாக்டர் வந்து ரிசல்ட் சொன்னாராம், நானும் தலையாட்டினேனாம். லேசான புண், மாத்திரை போதும் என்பது மனைவி கேட்டு வைத்திருந்ததால்தான் எனக்குத் தெரியும். தொண்டை மரப்பு விட்டு, ஒரு வாய் தண்ணீர் புரையேறாமல் குடித்த பிறகே அனுப்பினார்கள். மறுநாள்வரை வண்டி ஓட்டக்கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் தூக்கப் பரிசோதனைக்கும் எழுதியிருந்தார்கள். வருகிற செவ்வாய் இரவு போகிறேன்.