பவுடரைக் குறை சொல்லும் முன்

ரைஃபிளில் சுட்ட 100 மீட்டர் இலக்குத் தாளில் ஐந்து ஓட்டை. முதல் மூன்றும் கட்டைவிரல் அகலத்துக்குள். கடைசி இரண்டும் படிப்படியாக மேலே ஏறியிருக்கின்றன.

கையால் நிரப்பிய தோட்டா என்றால் உடனே உள்ளே போட்ட பவுடர் (வெடிமருந்து) மேல்தான் சந்தேகம் போகும். பொறுங்கள்.

பேரல் (துப்பாக்கிக் குழல்) சூடேறச் சூடேறக் குண்டு ஒரே பக்கம் நகர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது கட்டையை, அதாவது பேரலைத் தாங்கும் உடல் பகுதியை.

ரைஃபிள் காலிதானா என்று உறுதி செய்துகொண்டு, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுங்கள். பேரல் கட்டையில் படாமல் நிற்க வேண்டிய ரைஃபிளில் தாள் சிக்கினால், அந்த இடத்தில் மரம் பேரலைத் தள்ளுகிறது. ஈரத்தில் உப்பிய மரம் இதைத்தான் செய்யும்.

ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) ரைஃபிளில் பிடித்திருக்கும் மவுண்ட் ஸ்க்ரூ, கட்டை ஸ்க்ரூ இரண்டும் இறுக்கமா?

செம்பு கரைக்கும் திரவம் தடவிய துணி பேரலிலிருந்து நீலப்பச்சையாக வந்தால், உள்ளே குண்டு விட்டுப்போன செம்பு இன்னும் படிந்திருக்கிறது.

எல்லாம் சரி, கம்பெனித் தோட்டாவும் நெருக்கமாக விழுகிறது என்றால்தான் பவுடர் எடை, கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) நீளம், குண்டு உட்காரும் ஆழம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேறு குண்டுக்கு மாறினால், தோட்டா நிரப்பும் கையேடு சொல்லும் தொடக்கப் பவுடர் அளவிலிருந்தே மறுபடி ஏறி வாருங்கள்.