ராகுவுக்கும் ஒரு மூலை: ஷ்வேடகோன் தரிசனம்

அம்மா பர்மாவின் ரங்கூனில், இன்றைய மியான்மரின் யாங்கோனில், பிறந்தவர். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இரண்டு ஆண்டுகள் கழித்துக் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது தாத்தாவின் துணிக்கடையும் போயிற்று. குடும்பம் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு நான்கு வயது. அவர் நினைவில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: பாட்டியின் இடுப்பிலிருந்து அண்ணாந்து பார்த்த, ஷ்வேடகோன் புத்தர் கோயிலின் தங்கக் கோபுரம்.

அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் மறுபடியும் ராணுவ ஆட்சி வந்ததும் பேச்சையே விட்டுவிட்டார். நான்தான், முழங்கால் வலி இன்னும் முற்றுவதற்குள் போய்விட்டு வரலாம் என்று 2023 நவம்பரில் கிளம்ப வைத்தேன். அந்த ஆட்சிக்கு நம் பணமும் போய்ச் சேருமே என்ற உறுத்தல் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. குடும்பமாக நடத்தும் சிறிய விடுதி, தெருவோரத் தேநீர்க் கடை, டாக்சிக்காரர் என்று கூடியவரை சாதாரண மக்களின் கையிலேயே செலவழித்தோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

மாண்டலேயில் மகாமுனி புத்தரையும் சேவிக்க ஆசைப்பட்டோம். ஆனால் அக்டோபர் கடைசியில் அதற்குப் பக்கத்திலிருக்கும் வடக்கு ஷான் மாநிலத்தில் பெரிய சண்டை மூண்டுவிட்டதால் அந்த ஆசையை விட்டோம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அந்தக் கோயிலும் சேதமடைந்தது என்று கேட்டு அம்மா அன்று சாப்பிடவே இல்லை. போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாங்கோனைத் தாண்டிப் போகத் திட்டமிட்டால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். அங்கே நிலைமை வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

பாங்காக் வழியாகப் போனோம். யாங்கோன் போனதும் கடிகாரத்தை நம் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். கார்டை நம்பிப் போகாதீர்கள். டாலர் நோட்டாகக் கொண்டுபோங்கள், அதிலும் மடிப்போ கறையோ இல்லாத புது நோட்டாக. பேனாக் கீறல் ஒன்று இருந்தாலும் திருப்பித் தந்துவிடுகிறார்கள். மின்வெட்டு தினமும் உண்டு, அதனால் வயதானவர்களோடு போகிறவர்கள் ஜெனரேட்டர் இருக்கும் விடுதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் அங்கே தடைசெய்யப்பட்டது. வழியில் சோதனைச் சாவடிகளில் போனை வாங்கிப் பார்ப்பதும் நடக்கிறது. நான் அரசியல் செய்தி எதுவும் இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் எடுத்துப்போனேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. அங்கே ஒரு வீட்டில் வெளியாள் இரவு தங்கினால் வட்டார நிர்வாகத்திடம் பதிவு செய்தாக வேண்டும். ஆட்சி மாறிய அதே மாதத்தில் இந்த விதியை மீண்டும் கொண்டுவந்தார்கள். தெரிந்தவர்கள் பாசமாகக் கூப்பிட்டாலும் அவர்கள் வீட்டில் தங்காதீர்கள். நாம் ஊர் திரும்பிவிடுவோம், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஷ்வேடகோனுக்கு விடியற்காலையில் போனோம். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கூடாது. வெயில் ஏறினால் பளிங்குத் தரை சுட்டுவிடும், அதனால் காலைதான் நல்லது. படியேற முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. அம்மா அதில் ஏறி, கதவு திறந்து வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். 99 மீட்டர் உயரம், அடி முதல் நுனி வரை தங்கம். புத்தருக்கு அன்னமிட்ட தபுஸ்ஸ, பல்லிக என்ற இரு வணிகர்கள் அவரிடம் பெற்ற எட்டுத் தலைமுடிகள் இதனுள் இருப்பதாக ஐதீகம். "அப்ப இதைவிடப் பெருசா இருந்துச்சு" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நம் கோயிலில் போலவே வலமாகத்தான் சுற்ற வேண்டும். கோபுரத்தின் அடியில் எட்டுத் திசைக்கும், பிறந்த கிழமைக்கு ஒன்றாக, எட்டுச் சந்நிதிகள். வாரத்துக்கு ஏழு நாள்தானே, எட்டு எப்படி? புதன்கிழமையை அவர்கள் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். காலையில் பிறந்தவர்களுக்குத் தெற்கில் தந்தமுள்ள யானை. மத்தியானத்துக்கு மேல் பிறந்தவர்களுக்கு வடமேற்கில் தந்தமில்லாத யானை, அதிபதி ராகு.

நான் புதன்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குப் பிறந்தவள். சரியான ராகு காலம். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் வரன் தட்டிப்போனாலும் அம்மா மனத்துக்குள் அந்த நேரத்தைத்தான் நொந்துகொள்வார். இங்கே ராகுவுக்குத் தனி மூலை, அதில் ஒரு புத்தர், முன்னால் பூவும் மெழுகுவத்தியும். வயதோடு ஒன்று கூட்டி அத்தனை கிண்ணம் தண்ணீர் ஊற்றுவது வழக்கம் என்று பக்கத்திலிருந்த பெண் சைகையால் காட்டினார். நான் ஊற்ற ஊற்ற அம்மா எண்ணினார். முடிந்ததும் என் தலையில் கை வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கிழக்கே போய், திங்கட்கிழமைக்காரரான அவர் புலிச் சந்நிதியில் தண்ணீர் ஊற்றினார். என்னைவிட நிதானமாக.

1988-இல் ஜனநாயகப் போராட்டத் தலைவர் ஆங் சான் சூ கி லட்சக்கணக்கான மக்கள் முன் பேசியது இந்தக் கோயிலின் மேற்கு வாசல் அருகேதான். 2007-இல் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் துறவிகள் ஊர்வலம் போனதும் இங்கிருந்துதான். இதையெல்லாம் அங்கே யாரிடமும் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு வந்த பிறகும் பெயர் சொல்லி எங்கும் எழுதாதீர்கள். சிப்பாய்களையும் சாவடிகளையும் படமெடுக்கவே கூடாது. புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் மறைத்துக்கொள்ளுங்கள், அதை அவமதிப்பாகவே பார்க்கிறார்கள்.

மாலையில் நகரத்துக்குள் இருக்கும் காளி கோயிலுக்குப் போனோம். 1871-இல் நம் தமிழர்கள் கட்டியது, பாட்டி வெள்ளிதோறும் விளக்கேற்றியது. கோபுரம் முழுக்க நம் ஊர்ச் சுதைச் சிற்பங்கள். குங்குமம் கொடுத்த பெரியம்மா பர்மியத் தொனியில் இழுத்துப் பேசிய தமிழைக் கேட்டதும் அம்மா தன் அப்பாவின் கடை, தெரு, கப்பல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "உங்க பிள்ளைங்க எங்கே இருக்காங்க?" என்று அம்மா கேட்டபோது மட்டும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லா இருக்காங்க தங்கச்சி, தூரமா இருக்காங்க" என்றார்.

நான் போனை எடுத்தேன். "படம் வேணாம்மா" என்றார். பையில் வைத்துவிட்டேன்.