தீர்த்தமலைப் படியில் ஏழு எண்ணி ஏறினோம்

என் மகளுக்கு 11 வயசு, ஒரு வருஷமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறாள். போன மாசம் அவளுடைய பாட்டு டீச்சர் தீர்த்தமலைத் திருப்புகழை ஆரம்பித்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு இருப்பு கொள்ளவில்லை. நம்ம மலைக்கு அருணகிரிநாதர் பாடிய பாட்டு, அதை வீட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தால் எப்படி? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தருமபுரியில் பஸ் ஏறி, அரூரில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்தோம்.

‘பாட்டில் உருகிலை, கேட்டும் உருகிலை’ என்று தொடங்கும் பாட்டு. பாடியும் உருகவில்லையே, கேட்டும் உருகவில்லையே என்று அவர் தன் நெஞ்சையே பிடித்து உலுக்குகிற மாதிரி எனக்குத் தோன்றும். சந்தம், அதாவது பாட்டின் ஓசை அளவு, ‘தாத்த தனதன’. ‘தாத்த’வில் மூணு மாத்திரை (தாள எண்ணிக்கை), ‘தனதன’வில் நாலு, ஆக ஏழு. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் அப்படியே உட்காரும். பாப்பாவுக்கு அந்த நாலில்தான் தகராறு. மூணை நிதானமாகச் சொல்லிவிட்டு நாலை அவசரமாக விழுங்கிவிடுவாள், டீச்சர் தொடையில் தட்டிக் காட்டியும் சரியாக வரவில்லை.

அடிவாரக் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. நேரம் போகட்டும் என்று, படிக்கு ஒரு மாத்திரையாகச் சொல்லிக்கொண்டே ஏறு பாப்பா என்றேன். மூணும் நாலுமாக ‘தகிட தகதிமி, தகிட தகதிமி’ என்று ஏறியவள் திடீரென்று நின்று, “அம்மா, போன தடவை வலது கால்ல ஆரம்பிச்சுது, இப்ப இடது கால்ல ஆரம்பிக்குது” என்றாள். ஏழு ஒற்றைப்படை, கால் ரெண்டு, அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மாறும். இத்தனை வருஷம் பாட்டு கேட்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

மேலே தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகையும். ராமர் பூஜைக்குத் தீர்த்தம் கொண்டுவர அனுமன் தாமதமாக, ராமர் மலையில் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்தார் என்பது தல வரலாறு. அனுமன் கொண்டுவந்ததைக் கீழே எறிந்த இடம்தான் தென்பெண்ணைக் கரை அனுமன்தீர்த்தம். ராமர் தீர்த்தம் உயரப் பாறையிலிருந்து மெலிசாக விழுகிறது, தலையில் பட்டதும் ஏறி வந்த களைப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது நாகஸ்வரம் கேட்டது. யாரோ ஒரு குடும்பம் வேண்டுதலுக்காக மேளம் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். எங்கள் தெருக் கோயிலில் ஸ்விட்ச் போட்டால் தானாக அடிக்கிற மின்சார மேளம் வந்து பல வருஷமாகிறது, அதனால் தவிலை இவ்வளவு பக்கத்தில் பாப்பா பார்த்ததே இல்லை. தவில்காரர் வலது கை விரல்களில் தவில் தட்டுவதற்கான கெட்டியான உறைகளை, அதாவது கூடுகளை, ஒவ்வொன்றாக மாட்டி, அசைத்துப் பார்த்து, இடது கையில் கோலை எடுத்துக்கொண்டார். நாகஸ்வரக்காரர் ஊதுகிற முனையில் செருகும் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும்.

தீபாராதனை முடிந்ததும் நான் அவளைப் பாடச் சொன்னேன். சிந்துபைரவி ராகத்தில் பாடினாள். நாலு மாத்திரை இந்த முறை ஓடவில்லை, பாவாடைக்குக் கீழே குதிகால் மெதுவாக மாறிக்கொண்டே இருந்தது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டவர், “நல்லா பாடுன கண்ணு. இங்க வந்தா இதை வாசிக்காம நாங்க இறங்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு அதே பாட்டை மோகனத்தில் எடுத்தார். இவளுக்கு ஒரே திகைப்பு, “வேற ராகமா இருக்கே தாத்தா?”

“அருணகிரியார் எந்தப் பண்ணுல பாடுனார்னு நமக்கு வந்து சேரலம்மா. ராகம் நாம போடறது. ஏழு மட்டும் அவர் போட்டது, எழுத்துக்குள்ளயே வச்சுட்டுப் போயிட்டார், அதை யாரும் மாத்த முடியாது.”

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டு. ஏடுகளில் சிதறிக் கிடந்த பாட்டுகளை ஊர் ஊராகத் தேடி வ.த.சுப்பிரமணிய பிள்ளை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சில் கொண்டுவந்தார், காஞ்சிபுரம் நாயனா பிள்ளை கச்சேரி மேடையில் திருப்புகழுக்குத் தனி இடம் தேடித்தந்தார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பாட்டில் அருணகிரியாரின் நடை இன்னும் அப்படியே இருக்கிறது என்று பெரியவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்நிதியில் இன்னொரு தரம் விழுந்து கும்பிட்டேன்.

தவில்காரர் அவள் உள்ளங்கையில் ‘தகிட தகதிமி’யைத் தட்டிக் காட்டி, கூடு ஒன்றைக் கழற்றி அவள் விரலில் மாட்டிவிட்டார். பெரிதாக இருந்தது, ஆடியது. அதோடு தவிலை ஒரு தட்டு தட்டினாள்.

இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை. முன்னால் போய்க்கொண்டே, “இப்ப வலது... இப்ப இடது” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.