சீமாஸ் பாண்ட்கேப்: வளைவை விட ஆஃப்செட் படுத்தும் பாடு

குளிரோ வெயிலோ, நகராத 1.25 வோல்ட் வேண்டும்; சிப்புக்குள் அதைத் தரும் சர்க்யூட்தான் பாண்ட்கேப். ஸ்கை130 என்ற சிப் தயாரிப்பு ப்ராசஸின் ட்ரான்சிஸ்டர் மாடல்கள் இலவசமாகவே கிடைப்பதால், எக்ஸ்ஸ்கீமில் சர்க்யூட் வரைந்து என்ஜிஸ்பைஸ் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாதா சீமாஸில் (சிப்களின் வழக்கமான தயாரிப்பு முறை) நல்ல பைபோலார் ட்ரான்சிஸ்டர் கிடைக்காது. என்-வெல் என்ற என்-வகைக் குழியில் தானாக அமையும் பிஎன்பி வகை பைபோலாரைத்தான் டயோடாக வைத்துக்கொள்ள வேண்டும்; அதன் கலெக்டர் சப்ஸ்ட்ரேட்டேதான் (சிப்பின் அடித்தளம்), கிரவுண்டை விட்டு நகராது. பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 27 டிகிரியில் சுமார் 0.68 வோல்ட், டிகிரிக்கு 1.9 மில்லிவோல்ட் இறங்குகிறது. எதிர்த்திசையில் ஏற ஒன்று வேண்டுமே? ஒரே கரண்டை ஒற்றை பிஎன்பிக்கும், சேர்த்துக் கட்டிய எட்டுக்கும் கொடுத்தால் நடுவே 54 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். அது டிகிரிக்கு 0.18 மில்லிவோல்ட் ஏறும். ரெசிஸ்டர் விகிதத்தால் அதை 10.6 மடங்காக்கிக் கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் கழிந்துபோகும். எட்டு எதற்கு என்றால், ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றி எட்டை அடுக்க லேஅவுட் சதுரமாக உட்காரும், அவ்வளவுதான்.

−40 முதல் 125 டிகிரி வரை ஓட்டினால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 3 மில்லிவோல்ட்தான். புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இந்த வளைவைத் திருத்துவதைப் பற்றி. எனக்கென்னவோ அது இரண்டாம்பட்சம்.

இரு பிஎன்பி கிளைகளையும் ஒரே வோல்டேஜில் பிடித்துவைப்பது ஆப்-ஆம்ப், அதாவது இரண்டு இன்புட்டின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். அதன் இன்புட்டில் 2 மில்லிவோல்ட் ஆஃப்செட் (இரு இன்புட்டுக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும் பிழை) வைத்துப் பார்த்தேன். அந்தப் பிழை 54-உடன் சேர்ந்துகொண்டு அதே 10.6-ஆல் பெருகி, அவுட்புட்டை 21 மில்லிவோல்ட் தூக்கிவிட்டது. சரி, ரெசிஸ்டரை ட்ரிம் செய்து (சற்றே மாற்றி) 1.25-க்கு இறக்கலாம் என்றால் விகிதம் 10.2-க்கு வருகிறது. இப்போது மீட்டரில் எண் சரி, சரிவு தப்பு: ஏறும் பங்கு குறைந்துவிட்டதால் டிகிரிக்கு 0.07 மில்லிவோல்ட் இறக்கம் மிச்சம். 165 டிகிரிக்கு 11 மில்லிவோல்ட்! வளைவின் 3 இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

இன்புட் ட்ரான்சிஸ்டர்களின் பரப்பை நான்கு மடங்காக்கினால் ஆஃப்செட் பாதியாகும், இடம்தான் போகும். அப்புறம், பிஎன்பிகளை இரண்டிரண்டாக அடுக்கி 54-ஐ 108 ஆக்கலாம், ஆனால் அதற்கு சப்ளை 1.8 வோல்ட் போதாது. இப்போதைக்குப் பரப்பைக் கூட்டி மான்டே கார்லோ (மதிப்புகளைத் தற்செயலாக மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டும் சோதனை) ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட்-அப் சர்க்யூட் இன்னும் பாக்கி. அது இல்லாவிட்டால் கரண்டே ஓடாத நிலையிலும் இந்த லூப் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும்.