ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு: ஒரு தலைமையாசிரியையின் கோடை நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 8, செவ்வாய்

ஆண்டுத் தேர்வு நேற்றுத் தொடங்கியது. வெயில் கருதி இந்த ஆண்டு தொடக்க வகுப்புகளுக்குத் தேர்வை முன்னதாகவே வைத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேர் இன்னும் சில நாள்களில் எங்கள் பள்ளியை விட்டுப் போகிறார்கள்.

இரண்டே ஆசிரியர்கள் உள்ள கடலோரத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. தமிழும் கணக்கும் அறிவியலும் ஒரே டீச்சர்தான் நடத்துவார். யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் நேற்று இரவு சண்டை என்பது முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஜூன் மாதம் இவர்கள் சேரப்போகும் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெரிய பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் வேறொரு முகம். இங்கே எல்லோருக்கும் அண்ணனாகவும் அக்காவாகவும் இருந்தவர்கள் அங்கே போனதும் எல்லோரிலும் சிறியவர்களாகிவிடுவார்கள்.

சென்ற ஆண்டு நான் அனுப்பிய பிள்ளைகளில் இருவர் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் இங்கே கணக்கில் முதல் ஆளாக இருந்தவன். அக்டோபரில் அவன் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது, பாடம் கடினமாக இருந்தது என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எந்த நாளைக்கு எந்தப் புத்தகம் என்று தெரியாமல் தினமும் திட்டு வாங்கியதையும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மாலை வரை அடக்கிக்கொண்டு இருந்ததையும்தான் சொன்னான். இவையெல்லாம் ஏப்ரலிலேயே நான் சொல்லிக் கொடுத்திருக்கக்கூடியவை. அதனால் இந்த ஆண்டு என் விடுமுறையை இதற்கென்று ஒதுக்கி, செய்வதையெல்லாம் எழுதியும் வைக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஊரில் பணப்புழக்கம் அற்றுப்போகும் காலம் இது. பள்ளிச் சேர்க்கையும் சரியாக இந்த நேரத்தில்தான் வந்து நிற்கிறது. ஆனாலும், ஆண்டு முழுவதும் கண்ணில் படாத அப்பாக்கள் வீட்டில் இருப்பது இந்த இரண்டு மாதங்கள்தாம் என்பதால் பெற்றோர் கூட்டத்தை இன்றைக்கு வைத்தேன். 17 வீடுகளில் 14 வீட்டிலிருந்து வந்தார்கள், அவர்களில் ஒன்பது பேர் அப்பாக்கள்.

காலையில் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினேன். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் மதியம் சத்துணவு உண்டு, காலையில் கிடையாது. எங்கள் ஊரில் அம்மாக்கள் விடியற்காலை நான்கு மணிக்கே மீன் எடுக்கத் துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். இத்தனை நாளும் பள்ளியில் ஏதாவது சாப்பிடுவான் என்ற தைரியம் இருந்தது. ஜூனிலிருந்து அந்தப் பிள்ளை காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் மதியம் வரை வெறும் வயிறுதான். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. ஒருவருக்கும் இது தோன்றியிருக்கவில்லை.

“பழையது இருந்தா போதும் டீச்சர், நானே கரைச்சிக் குடுத்து அனுப்புறேன்” என்று விசைப்படகில் வேலை செய்யும் ஓர் அப்பா எழுந்து நின்று சொன்னார். ஜூன் 14-க்குப் பிறகு யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வீடு இதே கேள்வியைக் கேட்டுப் பெயரோடு எழுதி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாற்றுச் சான்றிதழ் கொடுத்து முடித்தேன். முடிப்பதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டது.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பதிவு ஆகிய மூன்றிலும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். ஐந்து பேருக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு பெண்ணுக்கு ஆதாரில் பிறந்த ஆண்டே வேறாக இருந்தது. இன்னொரு பையனுக்கு அப்பா பெயருக்குப் பதிலாகத் தாத்தா பெயரின் முதல் எழுத்து ஏறியிருந்தது. இங்கே விட்டுவிட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை அந்தப் பிழை கூடவே போகும், அப்போது திருத்த அலைவது பெரும்பாடு. பிறப்புச் சான்றிதழே முதன்மையானது என்று சொல்லி, ஐந்து பேரையும் ஆதார் திருத்தத்துக்கு அனுப்பினேன். சாதிச் சான்றிதழ் இல்லாத இருவரை இ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னேன். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து மேலே அனுப்ப நாளாகும் என்பதால் மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

தாள் குறைகிறதென்று எங்கேயாவது திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ஓர் அம்மா மிகவும் பயந்தார். மாற்றுச் சான்றிதழ் வருவதற்குத் தாமதமானாலும் அதைக் காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவிலேயே இருப்பதை எடுத்துச் சொன்னேன். அப்படி யாராவது அலைக்கழித்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குப் பேசலாம் என்றும் சொல்லி, எண்ணை அவர் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன்.

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். சாயங்காலம் ஓர் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். மகளை ஆறாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க நகையை அடகு வைக்கப் போகிறார்களாம். “மூணு வருஷம் அங்க இங்கிலீஷு கத்துக்கிட்டு வரட்டும் டீச்சர், அப்புறமா கவர்மெண்டு ஸ்கூல்ல போட்டுடுறோம்” என்றார் அம்மா.

எங்கே படிக்க வைப்பது என்பது அவர்கள் முடிவு. ஆனால் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகக் அரசுச் சலுகைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை விளக்கினேன். உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படியே. மருத்துவப் படிப்பில் 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருப்பதைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் மூன்று ஆண்டு கட்டணம் கட்டித் தனியாரில் படிக்க வைத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் திரும்பினால், கட்டிய பணமும் போய் இந்த வாய்ப்பும் போய்விடும்.

அவர்கள் ஆசைப்படும் ஆங்கிலத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசினேன். அந்தப் பெண் தமிழில் எதைக் கொடுத்தாலும் கடகடவென்று வாசித்துப் பொருள் சொல்கிறாள். ஆங்கிலத்தில் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். இந்த நிலையில் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கச் சொன்னால் அவள் இரண்டையும் இழப்பாள் என்பது என் கருத்து. தமிழ்வழியில் சேர்த்துவிட்டு, ஆங்கில வாசிப்புக்கு நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார்கள்.

மே 14, புதன்

புன்னை மரத்தடியில் காலை ஏழு முதல் ஒன்பது வரை ஒரு வாரமாக வகுப்பு நடக்கிறது. சென்ற ஆண்டு மாணவர்களிடமிருந்து ஆறாம் வகுப்பு முதல் பருவப் புத்தகங்களை வாங்கி வைத்திருக்கிறேன். பாடத்தை நடத்தி முடிப்பது என் நோக்கம் இல்லை. புத்தகம் பழகிய முகமாக இருந்தால் பயம் பாதி போய்விடும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கைமணியை அடிக்கிறேன். மணி அடித்ததும் ஒரு புத்தகத்தை மூடி உள்ளே வைத்து அடுத்ததை எடுத்து, பாதியில் நின்ற வேலையை ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் இதற்கே ஐந்து நிமிடம் ஆனது. இப்போது ஒரு நிமிடம் போதும்.

இன்று கணக்கில் இயற்கணிதம். கணக்குக்குள் எழுத்து எதற்கு என்று எல்லோரும் முழித்தார்கள். மீன் கூறை வைத்துத் தொடங்கினேன். ஒரு கூறின் விலை இன்னும் தெரியாது, அதை ‘கூ’ என்று வைத்துக்கொள்வோம், மூன்று கூறு வாங்கினால் என்ன விலை? “மூணு கூ” என்று சிரித்துக்கொண்டே கத்தினார்கள். அதோடு ஐஸுக்குப் பத்து ரூபாய் என்றால்? “மூணு கூவும் பத்தும்.” அந்த ‘கூ’வுக்குப் பெயர் மாறி என்று எழுதிப் போட்டபோது, கருவாடு காயவைக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, “ஏலத்துல விலை மாறிக்கிட்டே இருக்கும்ல, அதனாலதான் மாறியா டீச்சர்?” என்று கேட்டாள். இத்தனை ஆண்டு பாடம் நடத்தியதில் இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் இதை விளக்கியதில்லை. ஜூன் மாதம் கணக்கு ஆசிரியர் இதே பாடத்தைத் தொடங்கும்போது அவள் கை தூக்க வேண்டும்.

மே 23, வெள்ளி

இன்று அம்மாக்களும் பெண் பிள்ளைகளும் மட்டும். ஒன்பது பெண்களில் ஒருத்திக்கு ஏற்கெனவே மாதவிலக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஆறாம், ஏழாம் வகுப்பில் வரலாம். வயதுக்கு வந்ததும் சடங்கு வைத்து நாள்கணக்கில் வீட்டிலேயே உட்காரவைத்து, பிறகு போகக் கூச்சப்பட்டு அப்படியே நின்றுபோன பெண்களை இந்த ஊரில் நான் பார்த்திருக்கிறேன். சடங்கைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பள்ளியை விட்டுவிடாதீர்கள், விடுமுறை நாளில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பள்ளியில் இலவசமாக நாப்கின் கொடுப்பதையும், வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை தருவதையும், மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்பதையும் சொன்னேன். மறுபடியும் காலைச் சாப்பாட்டில்தான் வந்து நின்றது பேச்சு.

தவறான தொடுதல் பற்றிப் பேசத் தொடங்கியதும் சில அம்மாக்கள் தலை குனிந்தார்கள், பிள்ளைகள் குனியவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளே நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்கள். நாளை பையன்களுக்கும் இதே பேச்சு. கூடவே, பெரிய பையன்கள் போதைப் பாக்கைக் கொடுத்துப் பழக்குவதைப் பற்றியும்.

மே 29, வியாழன்

17 பிள்ளைகளில் 15 பேரையும், அம்மாக்கள் ஆறு பேரையும், அப்பாக்கள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு பெரிய பள்ளிக்குப் போய்வந்தோம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அம்மாக்கள் தயங்காமல் வந்தார்கள். தபால் நிலைய நிறுத்தத்தில் இறங்கி, சாலையை எங்கே கடக்க வேண்டும் என்று காட்டி, கடக்கவும் வைத்தேன். திரும்பும்போது நான் பேசவே இல்லை. எந்தப் பேருந்து, எங்கே ஏறுவது என்று பிள்ளைகளே கேட்டு எங்களை அழைத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. தவறான பேருந்தில் ஏறப்போய் நடத்துநரிடம் கேட்டு இறங்கிவிட்டார்கள். அப்படிக் கேட்கத் துணிந்தார்களே என்று எனக்கு நிறைவாக இருந்தது.

புதிய பயண அட்டை கைக்கு வரும்வரை சீருடையில் வரும் மாணவர்களைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்ளும்படி ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது. அதனால் முதல் நாளிலிருந்தே சீருடையில் போகச் சொன்னேன்.

பள்ளியில் வகுப்பறை, குடிநீர்க் குழாய், கழிப்பறை, சத்துணவுக் கூடம் நான்கையும் பார்த்தோம். உதவித் தலைமையாசிரியர் வெளியே வந்து ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார். “ஐயா, வெளியே போகலாமா?” என்று கேட்பதை ஒவ்வொருவரையும் ஒருமுறை அவரிடமே சொல்லச் சொன்னேன். ஒரு பையன் நான்காம் முறைதான் சத்தமாகச் சொன்னான். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. எனக்கும் இன்று ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை இருந்ததால் பேருந்து நிறுத்தத்துக்குப் போக முடியவில்லை. 16 பேர் போனதாக மாலையில் தெரிந்தது. தனியார் பள்ளிக்குப் போவதாக இருந்த பெண்ணும் அவர்களோடு போயிருக்கிறாள். நகை வீட்டிலேயே இருக்கிறதாம்.

ஜூன் 16, திங்கள்

நேற்று விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. ஏப்ரலில் என்னிடம் வாக்குக் கொடுத்த அப்பாவும் போயிருப்பார் என்பதால், இன்று காலை ஏழரை மணிக்கே நிறுத்தத்தில் போய் நின்றேன்.

பையன் தலையை நன்றாக வாரி, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். “ராத்திரியே ஆயா சோத்துல தண்ணி ஊத்தி வச்சிட்டாங்க டீச்சர். அப்பா போறதுக்கு முன்னாடியே கரைக்கிறது எப்படின்னு காட்டிக் குடுத்துட்டாரு, நானே மோர் ஊத்திக் கரைச்சிக் குடிச்சேன். சுட்ட கருவாடு தொட்டுக்கிட்டேன்” என்றான். கையை முகர்ந்து பார்த்தேன். கருவாட்டு வாசம் இருந்தது. இன்றைய பாட அட்டவணையை நான் கேட்பதற்கு முன்னால் அவனே ஒப்பித்தான்.

பேருந்தில் 14 பேர் ஏறினார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்று அவன் அக்கா சொல்லிவிட்டுப் போனாள். இன்னொருவன் மாமாவோடு வண்டியில் முன்னதாகவே போய்விட்டான். முதல் நாள் வராத அந்தப் பெண் இன்னும் ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகவில்லை. பாட்டி வீடு பரங்கிப்பேட்டையில் இருக்கிறது, அங்கே இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இன்று மாலை அவள் அம்மா சந்தையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.