முள் 60 காட்டியது, வண்டி 67இல் போனது

என்னுடையது 2006 மாடல் பிக்அப், இரண்டு கை மாறி வந்தது. திருவையாற்றில் வாழைத்தார் ஏற்றி, திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாரம் மூன்று நடை. நடுவில் கிலோமீட்டர் கணக்கில் வாடகைக்கும் போவேன். வாங்கிய நாளிலிருந்தே ஸ்பீடோமீட்டர் முள் 40க்கும் 60க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது.

ஆட்டத்துக்குக் காரணம், கியர்பாக்ஸின் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுபோகும் கேபிள்தான். உறையிலிருந்து உள் கம்பியை உருவியபோது கிரீஸ் காய்ந்து கருப்பு மாவாக உதிர்ந்தது. மீட்டருக்குள் நுழையும் சதுர முனை நான்கு ஓரமும் மழுங்கி, கிட்டத்தட்ட உருண்டையாகிவிட்டிருந்தது. புதுக் கேபிள் போட்டு, வளைவு இல்லாமல் இழுத்துக் கட்டினோம். முள் ஆடாமல் நின்றது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் அக்கா மகன் பைக்கில் என் பின்னாலேயே வந்தான். இறங்கியதும், "என்ன மாமா, லோடோட 70ல வர்றீங்க?" என்றான். முள் 60ஐத் தாண்டவே இல்லையே! போனில் ஜிபிஎஸ் போட்டுப் பார்த்தால் 67. பாரம் ஏற்றிய வண்டியில் ஏழு கிலோமீட்டர் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. இத்தனை நாள் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

மெக்கானிக் தம்பி, "மீட்டர் போச்சுண்ணே, பழசு ஒண்ணு எடுத்து மாட்டிடலாம்" என்றார். நானும் சரி என்று சொல்லியிருப்பேன். அதற்கு முன், ஓடிய தூரத்தைக் காட்டும் கிலோமீட்டர் எண்ணையும் சோதித்துப் பார்க்கத் தோன்றியது நல்லதாகப் போயிற்று.

இந்த வகை மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அதன் மேல் தொடாமல் கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தைக் காந்தம் இழுக்க, மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கிண்ணத்தோடு சேர்ந்துதான் முள் நகர்கிறது. காந்தம் வலுவிழந்தாலோ வில் தளர்ந்தாலோ முள் பொய் சொல்லும். கிலோமீட்டர் எண்கள் அப்படியில்லை, பற்சக்கரம் வழியாக நேராகக் கேபிளோடு ஓடுபவை. ஆக முள் மட்டும் தப்பு என்றால் கோளாறு மீட்டரில். முள்ளும் எண்ணும் ஒரே அளவு தப்பினால் மீட்டரைத் தொடாதீர்கள், கேபிளுக்குக் கீழே, கியர்பாக்ஸிலும் டயரிலும் பாருங்கள்.

ஞாயிறு விடியற்காலை, காலி வண்டி. தஞ்சாவூர் - திருச்சி 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வல்லம் தாண்டியதும் முள்ளை 60இல் நிறுத்தினேன். அக்கா மகன் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் போனில் நேரம் பார்த்தான். 60 என்றால் கிலோமீட்டருக்கு 60 வினாடி ஆக வேண்டும். ஆனது 54. பத்துக் கல் கடந்தபோது மீட்டரில் ஏறியிருந்தது 9 கிலோமீட்டர். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவு. மீட்டர் மேல் குற்றமில்லை.

முதலில் டயர். இந்த வண்டிக்கு உரியது 215/75 ஆர்15. மாட்டியிருந்தது அதைவிடப் பெரிய 235/75. ஒரு சுற்றுக்கு 9 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடும், அதாவது நூற்றுக்கு 4. மீதி எங்கே? கியர்பாக்ஸில் கேபிள் சேரும் இடத்தைக் கழற்றி, கேபிளைச் சுற்றும் குட்டி பிளாஸ்டிக் பற்சக்கரமான பினியனை வெளியே எடுத்தோம். ஒரு பல்லில் பெயின்ட் வைத்து எண்ணினால் 16. திருச்சியில் உதிரிபாகக் கடையில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டதில் 15தான் இருக்க வேண்டும் என்றார்கள். முன்பு வைத்திருந்தவர் கியர்பாக்ஸ் மாற்றியபோது வந்த வினை. ஒரு பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும். இரண்டு பிழையும் சேர்ந்துதான் 60, 67 ஆகியிருக்கிறது.

15 பல் பினியன் போட்டோம். பல் எண்ணிக்கை சரி என்று கண்டதை வாங்கிவிடக் கூடாது, உள்ளே அதைச் சுழற்றும், திருகு மாதிரி இருக்கும் புழுப்பற்சக்கரத்தோடு பொருந்த வேண்டும். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கியர் ஆயில் கேபிள் வழியாக மேலே ஏறும். டயரில் இன்னும் பாதி உயிர் இருந்ததால் சில மாதம் அப்படியே ஓட்டினேன், முள் 60 என்றால் 62, 63 என்று மனதில் வைத்துக்கொண்டு.

எனக்கு ஆறாத விஷயம் டீசல் கணக்கு. லிட்டருக்கு 11தான் வருகிறது என்று இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் சர்வீஸுக்குச் செலவு செய்திருந்தேன். எண் குறைவாக ஓடியதால் வந்த கணக்கு அது. உண்மையில் 12க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது பாவம் அந்த இன்ஜின். வாடகையிலும் பத்துக்கு ஒரு கிலோமீட்டர் விட்டிருக்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன் 215/75 மாட்டி, அதே சாலையில் அதே பையனோடு மறுபடி பார்த்தோம். முள் 60இல் நிற்க, கல்லுக்குக் கல் 60 வினாடி. பத்துக் கல்லுக்கு மீட்டரிலும் 10. இப்போது வாடகைக்குக் கூப்பிடுபவரிடம் புறப்படும்போதே எண்ணைக் காட்டிவிடுகிறேன், இறங்கும்போது அவரே கழித்துப் பணம் கொடுக்கிறார்.